வங்கியின் மனிதவளத் தலைவர் விலகினால் பங்குச் சந்தைக்கு ஏன் தெரிவிக்கிறார்கள்?

ஒரு வங்கியின் மனிதவளத் தலைவர் பதவி விலகுகிறார். உடனே பங்குச் சந்தையின் இணையதளத்தில் அறிவிப்பு வருகிறது. பின்னாலேயே அவர் எழுதிய விலகல் கடிதமும் வருகிறது. 'சொந்தக் காரணங்கள்', 'வேறு வாய்ப்பு' என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஆளெடுப்பது, சம்பளம் போடுவது, விடுப்புக் கணக்குப் பார்ப்பது என்றே மனிதவளத் துறையைப் புரிந்துவைத்திருக்கும் வாடிக்கையாளருக்கும் சிறு முதலீட்டாளருக்கும் இது விளங்குவதில்லை. கடன் பிரிவின் தலைவர் போனால் கவலைப்படலாம். சம்பளம் போடுகிறவர் போனால் என்ன?

வங்கிகளில் நடந்த பெரிய மோசடிகளைப் பின்னோக்கிப் பார்த்தால், இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்ப அவற்றின் அடியில் கிடக்கின்றன. யாரை எந்த இடத்தில் எத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்பது ஒன்று. எந்தச் செயலுக்குப் பணமும் பதவி உயர்வும் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் மனிதவளத் துறையின் மேசை வழியாகச் செல்பவை. ஆகவே அந்த நாற்காலியில் யார் உட்கார்கிறார், எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார், அவரால் வியாபாரப் பிரிவுகளிடம் 'இது கூடாது' என்று சொல்ல முடிகிறதா என்பவை, வைப்புத்தொகை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்விகள்.

விதி என்ன சொல்கிறது

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எவற்றையெல்லாம் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பதை, பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. இயக்குநர்கள், தலைமை நிதி அதிகாரி, நிறுவனச் செயலர் போன்றோரின் மாற்றங்களை அறிவிப்பது முன்பிருந்தே இருந்த கடமை. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வட்டத்தைப் பெரிதாக்கியது. 'மூத்த நிர்வாகம்' என்ற வரையறைக்குள் வருவோரின் நியமனமும் விலகலும் இப்போது அறிவிக்கப்பட வேண்டும். நிர்வாக இயக்குநருக்கு ஒரு படி கீழே உள்ளவர்களும் ஒவ்வொரு துறையின் தலைவர்களும் இதில் அடங்குவார்கள். அவர்கள் விலகினால், விலகல் நடைமுறைக்கு வந்த ஏழு நாள்களுக்குள் காரணங்களோடு கூடிய கடிதத்தையும் வெளியிட வேண்டும்.

மனிதவளத் தலைவர் துறைத் தலைவர்களில் ஒருவர். அறிவிப்பு வருவதற்கான சட்டக் காரணம் இவ்வளவுதான். ஆனால் சிமென்ட் நிறுவனத்தின் மனிதவளத் தலைவருக்கும் இதே விதிதான். வங்கியில் அந்தச் செய்திக்குக் கூடுதல் எடை ஏன் என்பதற்கு வேறு இடத்தில் பதில் தேட வேண்டும்.

வங்கியில் அந்தத் துறை எடுக்கும் நான்கு முடிவுகள்

1. யாரைச் சேர்ப்பது. பொதுத்துறை வங்கிகளில் இதைப் பெரும்பாலும் ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு தீர்மானிக்கிறது. தனியார் வங்கிகளில் வங்கியே தீர்மானிக்கிறது.

2. யாரை எங்கே வைப்பது, எப்போது நகர்த்துவது. அந்நியச் செலாவணி, கருவூலம், பெருங்கடன், பண அறைச் சாவி போன்ற இடங்கள் 'உணர்திறன் மிக்க பணியிடங்கள்' எனப்படுகின்றன. அங்கே ஒருவர் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

3. எதற்கு ஊதியம் கொடுப்பது. கணக்குத் திறந்த எண்ணிக்கைக்கா, விற்ற காப்பீட்டுக்கா, மூன்றாண்டு கழித்தும் ஒழுங்காகத் திரும்பி வரும் கடனுக்கா?

4. யாரை, என்ன காரணத்துக்காக வெளியே அனுப்புவது. ஒழுங்கு நடவடிக்கைகள், பணிநீக்கங்கள், ஊழியர் புகார்கள் எல்லாம் இங்கே பதிவாகின்றன.

முதல் முடிவைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேசுகிறோம், தேர்வும் வேலைவாய்ப்பும் என்று. ஆபத்து அதிகமாக இருப்பது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். நான்காவது, ஆபத்து வந்துவிட்டது என்று காட்டிக் கொடுக்கும் பதிவேடு.

நகர்த்தப்படாத ஓர் அதிகாரி

2018 பிப்ரவரி 14 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி, மும்பையிலுள்ள தன் கிளை ஒன்றில் ஏறத்தாழ ₹11,400 கோடிக்கு மோசடி நடந்திருப்பதாகப் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. பிறகு அந்தத் தொகை ₹13,000 கோடியைத் தாண்டியது. வைர வியாபாரிகளின் நிறுவனங்களுக்காக வங்கியின் பெயரில் பொறுப்புறுதிக் கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தன. 'இவர்களுக்குக் கடன் கொடுங்கள், பணத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஒரு வங்கி வெளிநாட்டுக் கிளை வைத்திருக்கும் இன்னொரு வங்கிக்கு அனுப்பும் உறுதி அது. அந்தச் செய்திகள், உலக வங்கிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போயின. வங்கியின் மையக் கணினிக் கணக்கில் ஏறவில்லை.

தொழில்நுட்ப ஓட்டையைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. அதற்கு நிகரான இன்னொரு ஓட்டை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இந்தக் கடிதங்களை அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்ட துணை மேலாளர், அந்தக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 2010 முதல் 2017 மே மாதம் ஓய்வு பெறும்வரை ஒரே இடத்தில் இருந்தார். ஏழு ஆண்டுகள். உணர்திறன் மிக்க இடத்தில் மூன்றாண்டுக்கு மேல் ஒருவரை வைக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் அப்போதே இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2018 ஜனவரியில் அதே நிறுவனங்கள் வழக்கம்போல வந்து கடிதம் கேட்டபோது, புதிதாக வந்தவர்கள் அதற்கு உரிய முன்பணம் கேட்டார்கள். 'இதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லையே' என்ற பதிலில் விஷயம் வெளிப்பட்டது.

அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்ததே கண்டுபிடிப்புக்குப் போதுமானதாக இருந்தது. 2013-இல் ஓர் இடமாற்ற உத்தரவு போயிருந்தால் அது நான்கு ஆண்டு முன்னதாகவே நடந்திருக்க வாய்ப்புண்டு. சம்பவத்துக்குப் பிறகு, 2017 டிசம்பர் 31 அன்று ஒரே இடத்தில் மூன்றாண்டு முடித்த அதிகாரிகளையும் ஐந்தாண்டு முடித்த எழுத்தர்களையும் மாற்றும்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பொதுத்துறை வங்கிகளுக்குச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவசரமாகப் பெட்டி கட்டின. ஆண்டுதோறும் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை சேர்ந்து கிடந்து ஒரே நாளில் ஊழியர்கள் தலையில் விழுந்தது. இதையும் மனிதவளத் துறையின் தோல்விக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

உலக அனுபவமும் இதே இடத்தைத்தான் காட்டுகிறது. பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கிக்காகச் சிங்கப்பூரில் வேலை செய்த நிக் லீசன், சந்தையில் வாங்கி விற்கும் வணிகத்தைச் செய்யும் பொறுப்பையும் அதன் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பையும் ஒருசேர வைத்திருந்தார், 1995-இல் 82.7 கோடி பவுண்ட் இழப்பில் அந்த வங்கியே மறைந்தது. 2008 ஜனவரியில் பிரான்சின் சொசியத்தே ஜெனரால் வங்கி 490 கோடி யூரோ இழந்தது. அதற்குக் காரணமான ஜெரோம் கெர்வியேல், முதலில் வணிகங்களைச் சரிபார்க்கும் பின்னலுவலகப் பிரிவுகளில் வேலை செய்தவர். பிறகு வணிகம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டவர். சரிபார்ப்பின் சந்துபொந்துகள் அவருக்குத் தெரிந்திருந்தன. விடுப்பு எடுப்பதையும் அவர் தவிர்த்துவந்தார்.

விடுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை உத்தரவு விடை தருகிறது. உணர்திறன் மிக்க பணியிடங்களில் இருப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள்கள் கட்டாய விடுப்பில் போக வேண்டும். எப்போது என்பதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அந்த நாள்களில் அலுவலக மின்னஞ்சல் தவிர வேறு எந்தப் பணிக் கணினி வசதியையும் அவர் தொட முடியாது. மறைத்து வைத்த கணக்கு எதுவாக இருந்தாலும் அதற்குத் தினமும் கவனிப்பு வேண்டும். பத்து நாள் ஆள் இல்லாவிட்டால் அது தானாக மேலே மிதந்து வரும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது விடுப்புப் பதிவேடு. வங்கிக்குள் இது மோசடித் தடுப்பு. 'ஆள் பற்றாக்குறை, இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்' என்று ஒரு வட்டார மேலாளர் கேட்கும்போது சரி என்று சொல்லிவிடும் மனிதவளத் தலைவர், தன்னிடம் இருக்கும் மிகச் சிக்கனமான காவலைத் தானே கழற்றி வைக்கிறார்.

ஊதியம்: எதற்குக் கொடுக்கிறோமோ அது பெருகும்

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு உலக நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டன. இன்று கடன் கொடுத்ததற்கு இன்றே ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு, அந்தக் கடன் ஐந்தாண்டு கழித்து வாராக்கடனாகும்போது வேறு வங்கியில் வேறு பதவியில் இருக்க முடியும் என்றால், யாரும் அந்தக் கடனைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். 2009-இல் நிதி நிலைத்தன்மை வாரியம் என்ற பன்னாட்டு அமைப்பு ஊதியம் குறித்த கொள்கைகளை வெளியிட்டது. இந்தியாவில் 2019 நவம்பர் 4 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தனியார் வங்கிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் சிறு நிதி வங்கிகளுக்கும் பொருந்தும். அவற்றின் சாரத்தைப் புரிந்துகொள்ளச் சில சொற்களை முதலில் பார்த்துவிட வேண்டும்.

1. மாறு ஊதியம்: செயல்பாட்டைப் பொறுத்துக் கூடியோ குறைந்தோ வரும் பகுதி. தலைமைச் செயல் அதிகாரி, முழுநேர இயக்குநர்கள், வங்கியின் இடரைப் பாதிக்கக்கூடிய முடிவுகளை எடுப்போர் ஆகியோரின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி இதுவாக இருக்க வேண்டும். நிலையான ஊதியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது.

2. ஒத்திவைப்பு: மாறு ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தை உடனே கொடுக்காமல், குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பிக் கொடுப்பது.

3. நிறுத்திவைப்பு: ஒத்திவைத்த தொகையை, தவறு வெளிப்பட்டால் கொடுக்காமலே விடுவது. வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டுபிடித்த வாராக்கடனுக்கும் இடைவெளி வரம்பு மீறினால் இது பாய வேண்டும்.

4. மீட்பு: கொடுத்து முடித்ததைத் திரும்ப வாங்குவது.

நான்காவது வெறும் காகித விதி இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2019 ஜனவரி 30 அன்று ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் இயக்குநர் குழு, முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சாரின் விலகலை 'காரணத்தின் பேரிலான பணிநீக்கம்' என்று கருத முடிவு செய்தது. 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை அவருக்கு வழங்கிய ஊக்கத்தொகைகளைத் திரும்பப் பெறுவதாகவும் அறிவித்தது.

இந்த விதிகளையெல்லாம் வங்கிக்குள் யார் செயல்படுத்துவது? இயக்குநர் குழுவின் நியமன மற்றும் ஊதியக் குழு முடிவெடுக்கிறது. அதற்கு வேண்டிய கணக்கையும் வரைவையும் தயாரித்துக் கொடுப்பவர் மனிதவளத் தலைவர். தன் மேலதிகாரியான தலைமைச் செயல் அதிகாரியின் ஊதியத்தில் எவ்வளவைப் பிடிக்க வேண்டும் என்ற குறிப்பை எழுதுகிறவர் அவர். அந்த மேலதிகாரிதான் இவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறார். இந்த முடிச்சை விதிகள் இன்னும் முழுமையாக அவிழ்க்கவில்லை என்பது என் கருத்து. நியமன மற்றும் ஊதியக் குழுவில் இடர் மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்கிறது. அது நல்ல தொடக்கம்.

வெல்ஸ் ஃபார்கோ: மனிதவளத் தலைவருக்கே அபராதம்

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருந்தது. ஒரு கணக்கு வைத்திருப்பவரிடம் கடன் அட்டை, சேமிப்பு, இணையச் சேவை என்று அடுக்கடுக்காக விற்க வேண்டும். தினசரி எண்ணிக்கை, வாராந்தர எண்ணிக்கை, எட்டாதவர்கள் மீது அழுத்தம். கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு இது பகிரங்கமானது. ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 5,300 பேரை இதற்காகப் பணிநீக்கம் செய்திருப்பதாக வங்கி சொன்னது. அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு மதிப்பிடப்பட்டது.

5,300 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே வகைத் தவறுக்காக, ஆண்டுக்கு ஆயிரம் பேர் என்ற கணக்கில் வேலையிழந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பணிநீக்கமும் மனிதவளத் துறையின் கோப்பு வழியாகத்தான் நடந்திருக்கும். தவறு தனிமனிதரிடம் இல்லை, இலக்கில் இருக்கிறது என்று சொல்லப் போதுமான சான்று அந்தக் கோப்புகளில் குவிந்து கிடந்தது. 2017 ஏப்ரலில் வங்கியின் சுயேச்சை இயக்குநர்கள் வெளியிட்ட விசாரணை அறிக்கையும் இதைத்தான் சுட்டியது: மனிதவளத் துறையின் கணினிகளில் ஏராளமான தகவல் இருந்தது, அதைத் தொகுத்து மேலே சொல்லும் ஏற்பாடு இல்லை. வங்கியின் அமைப்பும் அதற்குத் துணைபோனது. பிரிவுகள் தனித்தனி ராஜ்யங்களாக இயங்கின. கட்டுப்படுத்த வேண்டியவர்கள் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களுக்குக் கீழே இருந்தார்கள்.

2020 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்பு தனிமனிதர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் 1.75 கோடி டாலர் செலுத்தவும் வங்கித் தொழிலை விட்டு நிரந்தரமாக விலகவும் ஒப்புக்கொண்டார். அதே நாளில், நிறுவனத்தின் மனிதவள இயக்குநராகவும் நிர்வாகப் பணிகளின் தலைமை அதிகாரியாகவும் இருந்தவர் 22.5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். இடர் மேலாண்மைத் தலைவருக்கு விதிக்கப்பட்டது 12.5 லட்சம் டாலர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடரைக் கவனிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவரைவிட மனிதவளத்தைக் கவனித்தவருக்கு அபராதம் கூடுதல். ஊதியத் திட்டமும் இலக்கும் பணிநீக்கமும் கையில் இருந்தவருக்கு, நடப்பதைத் தடுக்கும் பொறுப்பு இருந்தது என்று கண்காணிப்பாளர் கருதினார். வங்கி மனிதவளத் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பத்தை நான் அறியேன். இந்தியாவில் இப்படி ஒரு நடவடிக்கை மனிதவளத் தலைவர் மீது பாய்ந்ததாக நான் அறியவில்லை. அதனாலேயே இங்குள்ளவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்த நாற்காலிக்குப் போகும் வழிகள்

இந்தியாவில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

பொதுத்துறை வழி தொழிற்சங்கத்தின் வரலாற்றோடு பின்னியது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வங்கி ஊழியர் ஊதியம் நாட்டையே உலுக்கிய தொழில் தகராறாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான தீர்ப்பாயம் 1953-இல் வழங்கிய தீர்ப்பு, இன்றும் மூத்த ஊழியர்களின் பேச்சில் 'சாஸ்திரி அவார்டு' என்றே புழங்குகிறது. வங்கித் தகராறில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை அரசு மாற்றியதை எதிர்த்து 1954-இல் வி.வி. கிரி மத்தியத் தொழிலாளர் அமைச்சர் பதவியையே துறந்தார். 1962-இல் தேசாய் தீர்ப்பு. 1966-இல் தீர்ப்பாயங்களைத் தள்ளிவைத்துவிட்டு வங்கிகளும் சங்கங்களும் நேருக்கு நேர் பேசிக் கையெழுத்திட்ட முதல் இருதரப்பு ஒப்பந்தம். அந்த மரபில் 12-ஆவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தானது. 2022 நவம்பர் முதல் கணக்கிட்டு 17 சதவீத உயர்வு.

ஆக, ஒரு பொதுத்துறை வங்கியின் மனிதவளப் பொது மேலாளர் ஊதியத்தைத் தானே வடிவமைப்பதில்லை. இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேசி முடித்ததை நடைமுறைப்படுத்துகிறார். அவருடைய உண்மையான களம் இடமாற்றம், பதவி உயர்வு, இடஒதுக்கீட்டுப் பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை. வங்கிகள் இணையும்போது இந்த வேலை பன்மடங்காகும். 2020 ஏப்ரல் 1 அன்று சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு கொல்கத்தாவின் அலகாபாத் வங்கி இணைந்தது. இரண்டு வங்கிகளின் பணிமூப்புப் பட்டியலை ஒன்றாக்குவது, எந்த வங்கியில் பதவி உயர்வு எந்த ஆண்டு வந்தது என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கானோரின் எதிர்காலத்தை எழுதுவது. கணினிகளை இணைப்பதைவிட இது கடினம்.

இந்தப் பதவிக்கு வருகிறவர் பெரும்பாலும் மனிதவளம் படித்தவர் இல்லை. பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, அதிகாரிகளின் முதல் படிநிலையான முதல் ஸ்கேலில் தொடங்கி, கிராமக் கிளை, நகரக் கிளை, மண்டல அலுவலகம் என்று ஏறி வந்த பொது வங்கியாளர். பாரத ஸ்டேட் வங்கியில் 1977-இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, மனிதவளத்தைக் கவனிக்கும் துணை நிர்வாக இயக்குநர் பொறுப்பை வகித்தவர். 2013-இல் வங்கியின் முதல் பெண் தலைவரானார். குழந்தை வளர்ப்புக்கோ முதியோர் பராமரிப்புக்கோ பெண் ஊழியர்கள் இரண்டாண்டு வரை பணி இடைவெளி எடுக்கலாம் என்ற ஏற்பாடு அவர் காலத்தில் பரவலாக அறியப்பட்டது. கிளையில் வேலை பார்த்தவர் மனிதவளத்துக்கு வந்தால் ஊழியரின் அன்றாடத்தை அறிந்து முடிவெடுப்பார் என்பதற்கு அது சான்று.

மறுபக்கமும் இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டில் அடுத்த பொறுப்புக்குப் போய்விடுவார் என்பதால், தன் முடிவுகளின் விளைவைப் பார்க்கும் முன்பே அவர் கிளம்பிவிடுகிறார். இடமாற்றக் கொள்கை ஒன்று பலன் தர ஐந்தாண்டு ஆகும்; தலைவர் இருப்பது அதில் பாதிக் காலம்.

இந்தப் போக்குக்கு விதிவிலக்காக நிற்பவர் அனில் கண்டேல்வால். பாங்க் ஆஃப் பரோடாவில் மனிதவளத்திலும் பயிற்சியிலும் நீண்ட காலம் பணியாற்றியவர், தேனா வங்கியின் தலைவராகி, 2005 முதல் 2008 வரை பாங்க் ஆஃப் பரோடாவின் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை இயங்கும் கிளைகளை அவர் கொண்டுவந்தார். சங்கங்கள் வலுவாக உள்ள ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை நேரத்தை மாற்றுவது, பேச்சுவார்த்தையே தொழிலாக வளர்ந்த ஒருவருக்குத்தான் எளிதில் கைகூடும். பொதுத்துறை வங்கிகளின் மனிதவளச் சிக்கல்களை ஆராய மத்திய அரசு பின்னர் அவர் தலைமையில்தான் குழு அமைத்தது. 2010 ஜூனில் அறிக்கை வந்தது, 105 பரிந்துரைகள்.

அந்த அறிக்கை கையிலெடுத்த பெரிய கவலை, தேசியமயத்துக்குப் பின் கூட்டமாகச் சேர்ந்தவர்கள் கூட்டமாகவே ஓய்வு பெறப்போகிறார்கள் என்பது. 2000-2001 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில் ஆளெடுப்பும் சுருங்கியிருந்தது. நடுவில் ஒரு தலைமுறையே காலியாக இருந்தது. முப்பத்தைந்து வயதிலேயே பெரிய கிளைகளுக்குப் பொறுப்பேற்ற இளைஞர்களை 2015-க்குப் பிறகு நாம் பார்க்கத் தொடங்கியது அதனால்தான்.

தனியார் வழி வேறு. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் மனிதவளம் படித்தவர்கள், ஆலைகளிலும் நுகர்பொருள் நிறுவனங்களிலும் பழகிவிட்டு வங்கிக்குள் வருகிறார்கள். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் மனிதவளத்துக்குப் பொறுப்பேற்ற கே. ராம்குமார் 2009-இல் செயல் இயக்குநராக இயக்குநர் குழுவிலேயே இடம் பெற்றார். மனிதவளத்துறையினர் அந்த உயரத்துக்குப் போவது இந்திய வங்கிகளில் அரிது. அத்தகையோரின் பலம் தொழில்முறை அறிவு. பலவீனம், கவுன்டருக்குப் பின்னால் ஒருநாளும் நின்றிராதது.

25 சதவீதம்

2023-24-இல் தனியார் வங்கி ஊழியர் எண்ணிக்கை பொதுத்துறை வங்கி ஊழியர் எண்ணிக்கையைத் தாண்டியது. அதே ஆண்டுக்கான அறிக்கையில் ரிசர்வ் வங்கி, சில தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் பணிவிலகல் விகிதம் சராசரியாக 25 சதவீத அளவில் இருப்பதாகச் சொல்லி, அதை இயக்க இடர், அதாவது வங்கியின் அன்றாடச் செயல்பாட்டிலேயே எழும் ஆபத்து, என்று எச்சரித்தது. நான்கில் ஒருவர் ஓராண்டில் போய்விடுகிறார்.

இதன் விளைவு வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கு வரும். வைப்புத்தொகை போடப் போன ஓய்வூதியரின் கையில் காப்பீட்டுப் பத்திரம் வந்து சேர்வதை எல்லா ஊர்களிலும் கேள்விப்படுகிறோம். விற்றவர் இந்தக் காலாண்டு இலக்கை எட்ட வேண்டியவர். முதியவர் ஏமாந்ததை உணர்ந்து திரும்பி வரும்போது அவர் வேறு வங்கியில் இருப்பார். புதிதாக வந்தவருக்கு அந்த முதியவரையும் தெரியாது, அந்தப் பத்திரத்தையும் தெரியாது. இலக்கு ஆளைத் துரத்துகிறது; துரத்தப்பட்ட ஆள் தவறு செய்கிறார் அல்லது ஓடிவிடுகிறார். ஊதியத் திட்டத்தையும் பணிவிலகலையும் தனித்தனி நோய்களாகப் பார்க்கும் மனிதவளத் தலைவர் இரண்டையும் தீர்க்க மாட்டார்.

பிரிட்டனில் 2016 முதல் நடப்பிலுள்ள ஏற்பாடு இங்கே கவனிக்கத்தக்கது. முக்கியப் பணிகளில் உள்ள ஒருவர் அந்தப் பணிக்குத் தகுதியும் நேர்மையும் உடையவரா என்று வங்கியே ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். ஒருவர் வேலை மாறும்போது, முந்தைய ஆறு ஆண்டுகளின் நடத்தைப் பதிவைப் பழைய வங்கி புதிய வங்கிக்குத் தர வேண்டும். தவறு செய்துவிட்டு ஊர் மாற்றிக்கொள்வது அங்கே அவ்வளவு எளிதில்லை. இந்தியாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பேன். ஆனால் கீழ்நிலை விற்பனை ஊழியரை மட்டும் பிடித்துவிட்டு, இலக்கு வைத்தவரை விட்டுவிடாதபடி அதை எழுத வேண்டும்.

விலகல் செய்தியை எப்படிப் படிப்பது

கடிதத்தில் காரணம் இருக்காது. ஆனால் பொதுவெளியில் வேறு தாள்கள் இருக்கின்றன.

1. வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் இதைக் கட்டாயம் வெளியிடுகின்றன. நிரந்தர ஊழியர்களின் பணிவிலகல் விகிதம், ஆண் பெண் எனப் பிரித்து, மூன்று ஆண்டுகளுக்கு இதில் இருக்கும்.

2. ஆண்டறிக்கையில் ஊதியம் குறித்த பகுதி. ஒத்திவைத்த தொகை எவ்வளவு, அதில் நிறுத்திவைக்கப்பட்டதோ மீட்கப்பட்டதோ எவ்வளவு என்று தனியார் வங்கிகள் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் அபராதங்கள் குவிந்த ஆண்டிலும் அந்தக் கட்டத்தில் சுழியம் இருந்தால், ஊதியக் குழுவிடம் பங்குதாரர்கள் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

3. தலைமைச் செயல் அதிகாரியின் ஊதியத்துக்கும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்துக்கும் உள்ள விகிதம். நிறுவனங்கள் சட்டப்படி இதுவும் ஆண்டறிக்கையில் வர வேண்டும்.

4. எத்தனை ஆண்டுகளில் எத்தனை மனிதவளத் தலைவர்கள். பழைய அறிவிப்புகளைப் பங்குச் சந்தை இணையதளத்திலேயே தேடி எடுக்கலாம். பணிவிலகல் விகிதம் ஏறிக்கொண்டிருக்கும் வங்கியில் இவர்களும் அடிக்கடி மாறினால், இடர் மேலாண்மைத் தலைவரும் தணிக்கைத் தலைவரும் அதே காலத்தில் மாறினார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று நாற்காலிகளும் ஓராண்டுக்குள் காலியானால், அந்தக் கடிதங்களில் எழுதப்பட்ட சொந்தக் காரணங்களை அப்படியே ஏற்றுக்கொள்ள வைப்பாளருக்கு எந்தக் கடமையும் இல்லை.